நொகொகிரியமா: இந்தக் 'கிரி' மலை இல்லை

நொகொகிரியமா என்ற பெயரைக் கேட்டதும் நம் காது பிடித்துக்கொள்வது நடுவில் இருக்கும் 'கிரி'யை. நீலகிரி, சதுரகிரி வரிசையில் ஜப்பானிலும் ஒரு கிரியா? போதாததற்கு வாலில் 'யமா' வேறு. எமன் நினைவு வராமல் இருக்குமா? இரண்டுமே தப்பு. ஜப்பானிய மொழியில் மலைக்குப் பெயர் 'யமா'. 'கிரி' என்றால் வெட்டு, அறுப்பு. ஹராகிரி என்று கேள்விப்பட்டிருப்போமே, ஹரா என்பது வயிறு. அதைக் கிழிக்கும் கிரிதான் இதுவும். நொகொகிரி என்றால் ரம்பம். ஆக, ரம்பமலை.

டோக்கியோ விரிகுடாவின் கிழக்குக் கரையில், சிபா மாகாணத்தின் போசோ தீபகற்பத்தில் இருக்கிறது. உயரம் வெறும் 329 மீட்டர். எடோ காலத்திலிருந்து (1603–1868) 1980கள் வரை இங்கே கல் எடுத்தார்கள். சாம்பல் இறுகிக் கல்லான எரிமலைப் பாறை. 'போஷூ இஷி' என்று பெயர். வெட்டி வெட்டி மிச்சம் நின்ற முகடு ரம்பப் பல் போலத் தெரிவதால் இந்தப் பெயர் என்பார்கள். கல் குவாரிக்கு ஜப்பானியச் சொல் 'இஷிகிரிபா', அதாவது கல் வெட்டும் இடம். அங்கும் அதே கிரி.

மலையேற ரோப் கார் உண்டு. ஆனால் பெயரின் பொருள் காலில் படவேண்டுமானால் ஹமா கனாயா ரயில் நிலையத்தில் இறங்கி 'ஷரிகி மிச்சி' வழியாக நடக்க வேண்டும். ஷரிகி என்பது வண்டியிழுக்கும் ஆள், மிச்சி என்பது பாதை. வெட்டிய கல்லை இந்தச் சரிவில் மரவண்டியில் வைத்து இறக்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். ஒரு கல் 80 கிலோ, ஒரு நடைக்கு மூன்று கல், நாளுக்கு மூன்று நடை. இறங்கியதும் காலி வண்டியை முதுகில் சுமந்துகொண்டு மறுபடி ஏற்றம். கல் பாவிய பாதையில் சக்கரம் தேய்த்த தடம் பள்ளமாக இன்றும் இருக்கிறது. மேலே போனால் சுவர் பிடித்து நிறுத்தியதுபோல் செங்குத்தாக அறுத்த பாறைகள், அவற்றில் வரிவரியாய்க் கருவித் தழும்பு. மலையின் மறுபக்கம் நிஹோன்ஜி கோயில். 1783இல் பாறையிலேயே செதுக்கிய, 31 மீட்டர் உயரப் புத்தர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

உச்சிக்கருகே அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கு 'ஜிகொகு நொஸொகி' என்று பெயர். ஜிகொகு, நரகம்; நொஸொகி, எட்டிப்பார்த்தல். கம்பியைப் பிடித்துக் குனிந்தால் கீழே சுமார் 100 மீட்டர் பள்ளம். நாம் தப்பாக நினைத்த எமனுக்கு இங்கே கொஞ்சம் வேலை இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'ரம்பமலை' என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் சொல் ரகரத்தில் தொடங்குவது தமிழ் மரபில்லை. ரம்பம் வெளியிலிருந்து வந்தது. அதோடு, "சரியான ரம்பம்பா அவன்" என்று பேசிக் கழுத்தறுப்பவரைச் சொல்லும் வழக்கம் வேறு இருக்கிறது. ரம்பமலைக்குப் போய்வந்தேன் என்றால் யார் வீட்டுக்கு என்று கேட்பார்கள்.

பழைய சொல் ஈர்வாள். ஈர்தல் என்றால் அறுத்தல். நாள் என்பது 'உயிர் ஈரும் வாள்' என்று 334ஆம் குறள் சொல்கிறதே, அந்த ஈர்தல். இதே ஈர் என்ற வடிவத்துக்கு இழுத்தல் என்றும் பொருள் உண்டு. ஈர்ப்பு அதில் வந்ததுதான். இங்கேதான் எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது. மேற்கத்திய ரம்பம் தள்ளும்போது அறுக்கும். ஜப்பானியத் தச்சரின் நொகொகிரி இழுக்கும்போதுதான் அறுக்கும். அதனால் அதன் தகட்டை மெல்லியதாக வைக்க முடிகிறது, வெட்டுத் தடம் குறுகலாக விழுகிறது. இழுப்பதும் அறுப்பதும் ஒரே அசைவாக இருக்கும் கருவிக்கு ஈர்வாளைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

பயணக் குறிப்பில், வழி கேட்கும்போது நொகொகிரியமா என்றே இருக்கட்டும். ஊர்ப்பெயரை மொழிபெயர்த்தால் ரயில் டிக்கெட் கிடைக்காது. பொருள் சொல்லும் இடத்தில் ஈர்வாள்மலை என்று எழுதலாம்.