கிரவுண்ட் பேலன்ஸ் – மண்சமன்

மண் எழுப்பும் சமிக்ஞையைக் கழித்துவிட்டு, மண்ணுக்குள் கிடக்கும் உலோகத்தின் சமிக்ஞையை மட்டும் ஒலிக்கவிடுவதற்காக மெட்டல் டிடெக்டரில் உள்ள அமைப்புதான் கிரவுண்ட் பேலன்ஸ். தோட்டத்து மண்ணில் பல கருவிகள் இதைத் தொடாமலே ஓடிவிடும். உப்பு ஊறிய ஈரமணலில் அது நடக்காது. காயிலை, அதாவது கருவியின் அடியில் உள்ள தேடுசுருளை, இறக்கியதுமே கருவி கத்தத் தொடங்கிவிடும்.

'பேலன்ஸ்' இரண்டு தட்டு என்னும் பொருள்கொண்ட லத்தீன் 'பிலாங்க்ஸ்' வழியே வந்தது, அதாவது தராசு. 1879-இல் டேவிட் எட்வர்ட் ஹியூஸ் அமைத்த 'இண்டக்‌ஷன் பேலன்ஸ்' கருவியின் பெயரிலேயே அச்சொல் உண்டு. அதில் இருபுறச் சுருள்களும் ஒன்றையொன்று ஈடுகட்டும்வரை காதில் வைத்துக் கேட்கும் டெலிபோனில் ஓசை இராது; ஒருபுறம் உலோகம் வந்தால் சமன் குலைந்து ஓசை எழும். 1881-இல் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டின் உடலில் பாய்ந்த குண்டைக் கிரகாம் பெல் தேடியதும் இம்முறையில்தான். மெத்தைக்கு அடியிலிருந்த எஃகுக் கம்பிகள் ஓசையைக் குழப்பின, குண்டு அகப்படவில்லை. சுற்றுப்புறமே சமிக்ஞை தரும் அந்தச் சிக்கல்தான் கடற்கரையிலும்.

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்துவதால், நனைந்த மணல் கருவிக்கு அகன்ற உலோகத் தகடுபோலத் தெரிகிறது. கருமணலில் உள்ள மேக்னடைட் என்னும் இரும்புத் தாதுவோ காந்தத் தன்மையால் வேறுவகைச் சமிக்ஞை தருகிறது. ஃபிஷர் எஃப்75 கருவியின் மண் அளவீட்டில் ஈர உப்பு 0–10, கருமணல் 75–95. ஒற்றை அதிர்வெண் கருவியால் இவற்றில் ஒன்றைத்தான் கழிக்க முடியும். உப்புக்கு வைத்தால் கருமணல் கத்தும். அதைவிடப் பெரிய இழப்பு, மெல்லிய தங்கச் சங்கிலியின் சமிக்ஞையும் உப்பின் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் சேர்ந்து கழிந்துபோவது. பல அதிர்வெண் கருவிகள் இரண்டையும் ஒருங்கே கழிக்கப் பார்க்கின்றன. மின்சாரத்தைத் துடிப்பு துடிப்பாகச் செலுத்தும் பல்ஸ் வகைக் கருவி, ஒவ்வொரு துடிப்பும் நின்ற சில மைக்ரோவினாடி கழித்துக் கேட்பதால் உப்பின் சமிக்ஞை அதற்குள் அடங்கிவிடும்; ஆனால் ஆணியையும் மோதிரத்தையும் பிரித்தறிய அதற்குச் சரிவரத் தெரியாது.

தமிழில் 'நிலச்சமன்' என்றால் வயலை மட்டப்படுத்துவதாகிவிடும். 'தரைச் சமநிலை' என்பது நிற்பவர் தடுமாறாதிருப்பதைச் சொல்கிறது. கழிக்கப்படுவது மண்ணின் சமிக்ஞை. ஆகவே 'மண்சமன்' என்பதே பொருந்தும். 'மண்சமன் வைத்தல்' எனப் புழங்கலாம்.

மண்சமன் வைக்க, உலோகம் இல்லாத இடத்தை முதலில் எல்லா உலோகத்துக்கும் ஒலிக்கும் ஆல்-மெட்டல் முறையில் உறுதிசெய்யுங்கள். காயிலை ஓரடி உயரத்திலிருந்து இரண்டு அங்குலம்வரை இறக்கி ஏற்றியபடியே மண்சமன் அளவை மாற்றி, இரண்டு திசையிலும் ஓசை மாறாத நிலைக்குக் கொண்டுவாருங்கள். காய்ந்த மணலில் வைத்துவிட்டு அலைவாய்க்கு இறங்குவதுதான் பலரும் செய்யும் பிழை. தேடப்போகும் ஈரப்பட்டையிலேயே வைக்க வேண்டும். பிறகு கரைக்கு இணையாக நடந்தால் ஈரம் அதிகம் மாறாது. காயிலை ஒரே உயரத்தில் வீசுங்கள். வீச்சின் முனையில் தூக்கினால் சமன் பிசகும். அப்படியும் கத்தினால் சென்சிடிவிட்டியை (உணர்திறனை)ப் படிப்படியாகக் குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் காயில் உறையைக் கழற்றிப் பாருங்கள்: உள்ளே தேங்கிய உப்புநீரும் மணலும் காயிலோடு கூடவே வந்து பொய்ச் சமிக்ஞை தரும். நன்னீரில் அலசித் துடைத்து மாட்டிய பின் மண்சமனை மறுபடி வைக்க வேண்டும்.