கிளிஃப்ஹேங்கர்: அந்தரத்தில் நிற்கும் முடிவு

கதையைச் சிக்கலின் உச்சத்தில் நிறுத்திவிட்டு, விடையை அடுத்த பகுதிக்குத் தள்ளிவைக்கும் முடிவுக்குக் கிளிஃப்ஹேங்கர் என்று பெயர். செங்குத்துப் பாறையின் விளிம்பைப் பிடித்துத் தொங்குவது என்பது சொல்லுக்குள் இருக்கும் படம்.

இந்தச் சொல்லுக்குப் பிறப்பிடமாகப் பலரும் தாமஸ் ஹார்டியைக் காட்டுவார்கள். 1872-73இல் லண்டனில் ஒரு மாத இதழில் தொடராக வந்த அவருடைய 'எ பேர் ஆஃப் புளூ ஐஸ்' நாவலில், ஹென்றி நைட் என்பவர் கடலோரப் பாறையில் தொங்கிக்கொண்டு உயிருக்குப் போராடுவார். காட்சி இருப்பது உண்மைதான். ஆனால் சொல் பரவியது அதற்கு ஏறக்குறைய 60 ஆண்டுகள் கழித்து, 1930களின் அமெரிக்கத் திரைத்துறையில். அங்கே வாரம் ஒரு பகுதியாகச் சீரியல் படங்கள் திரையரங்குகளில் ஓடின. நாயகியோ நாயகனோ ஆபத்தில் மாட்டியதும் படம் நின்றுவிடும். மீதியைப் பார்க்க அடுத்த வாரம் மறுபடியும் டிக்கெட் வாங்க வேண்டும். அப்படிப்பட்ட படங்களுக்குத் தொழில் வட்டாரத்தில் வழங்கிய செல்லப்பெயர்தான் இது. பேர்ல் வைட் நடித்த 1914ஆம் ஆண்டின் 'தி பெரில்ஸ் ஆஃப் பாலின்' அதற்கு முந்தைய சீரியல் படங்களில் புகழ்பெற்றது. ஆக, இலக்கியத்தில் தேடுவதைவிட டிக்கெட் கவுன்டரில் தேடினால் இந்தச் சொல் சீக்கிரம் கிடைக்கும்.

எதிர்பாராத திருப்பம் வந்தாலே கிளிஃப்ஹேங்கர் என்று எழுதிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. திருப்பம் நமக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிடுகிறது. கிளிஃப்ஹேங்கர் நாம் கேட்கும் ஒன்றைச் சொல்ல மறுக்கிறது. முடிவைப் பார்வையாளரின் ஊகத்துக்கே விட்டுவிடும் படங்களும் இதில் சேராது. அங்கே விடை வரப்போவதில்லை; இங்கே வந்தே ஆக வேண்டும்.

திருப்பத்தையும் கிளிஃப்ஹேங்கரையும் ஒரே இடத்தில் பக்கத்தில் பக்கத்தில் பார்க்க வேண்டுமானால், 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளித் தொடரின் மூன்றாம் சீசன் கடைசி எபிசோடைப் பார்க்கலாம். பெயர் 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்'. 1990 ஜூனில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்தது. எழுதியவர் மைக்கேல் பில்லர். இயக்கியவர் பெயர் கிளிஃப் போல். முதல் பெயரிலேயே பாறை இருக்கிறது, என்ன செய்வது!

போர்க் என்ற இயந்திர-உயிர்க் கூட்டம் பூமியை நோக்கி வருகிறது. எந்த இனத்தைப் பிடித்தாலும் அதன் உடலையும் அறிவையும் தனக்குள் கரைத்துக்கொள்ளும் கூட்டம் அது. என்டர்பிரைஸ் கப்பலின் கேப்டன் பிக்கார்டையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. அடுத்த நிலையில் இருக்கும் ரைக்கர் கப்பலை நடத்துகிறார். கையில் ஒரே ஒரு ஆயுதம். மீட்கப் போன குழு பிக்கார்டு இல்லாமல் திரும்பி வருகிறது, அவரைப் போர்க் மாற்றிவிட்டதைக் கண்ணால் பார்த்துவிட்டு. அப்போது திரையில் பிக்கார்டின் முகம் தோன்றுகிறது: வெளிறிய தோல், தலையின் ஒரு பக்கம் இயந்திரக் கருவி, உணர்ச்சியே இல்லாத குரல். தன் பெயர் லொக்யூட்டஸ் என்கிறது, எதிர்ப்பது வீண் என்கிறது. இது திருப்பம். ரைக்கர் ஒரு கணம் அந்த முகத்தைப் பார்க்கிறார். பிறகு, பிக்கார்டு இருக்கும் போர்க் கப்பலைச் சுடும்படி தன் அதிகாரிக்கு உத்தரவிடுகிறார்: "மிஸ்டர் வோர்ஃப், ஃபயர்." அவ்வளவுதான். ரான் ஜோன்ஸின் இசை உச்சத்துக்கு ஏற, 'தொடரும்' என்று எழுத்து வருகிறது. இது கிளிஃப்ஹேங்கர்.

கவனித்தால், இங்கே பாறையில் தொங்குபவர் பிக்கார்டு அல்ல, ரைக்கர். பழைய சீரியல் படங்களில் பாத்திரத்துக்கு என்ன ஆகுமோ என்பதுதான் கேள்வி. இங்கே ஒருவர் தன் குருவைக் கொல்லும் உத்தரவைத் தானே கொடுத்துவிட்டார். அதைத் திரும்பப் பெற முடியாது, விளைவும் தெரியாது. முடிவெடுத்த பிறகு, பலன் வருவதற்கு முன் வெட்டியதால்தான் இது மற்றவற்றைவிட ஆழமாக இறங்கியது என்பது என் எண்ணம். சுடலாமா வேண்டாமா என்று அவர் தயங்கும் இடத்தில் வெட்டியிருந்தால் சாதாரண சஸ்பென்ஸாகப் போயிருக்கும்.

இன்னொரு வேடிக்கை, எழுதியவருக்கே விடை தெரியாது. பில்லர் அந்த சீசனோடு விலகிவிடும் எண்ணத்தில் இருந்தார். முடிச்சை அவிழ்ப்பது வேறு யாருடைய தலைவலியோ என்றுதான் முதல் பாகத்தை எழுதினார். தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி இருக்கச் சொல்ல, அவர் தங்கிவிட்டார். முடிச்சும் அவர் தலையிலேயே விழுந்தது. கதையில் ரைக்கருக்குத் தனிக் கப்பலின் கேப்டன் பதவி வந்து நிற்க, போவதா இருப்பதா என்று தவிப்பது பில்லரின் சொந்தத் தவிப்புதான் என்று அவரே பின்னாளில் சொன்னார். போதாததற்கு, பிக்கார்டாக நடித்த பேட்ரிக் ஸ்டூவர்ட் தொடரை விட்டுப் போகிறார் என்ற பேச்சும் அந்தக் கோடையில் ரசிகர்களிடையே ஓடியது. அதனால் கேப்டன் உண்மையிலேயே செத்துப்போகலாம் என்று மக்கள் நம்பினார்கள்.

செப்டம்பர் கடைசியில் இரண்டாம் பாகம் வந்தது. ஆயுதம் பலிக்கவில்லை, பிக்கார்டுக்குத் தெரிந்ததெல்லாம் போர்க்குக்கும் தெரிந்துவிட்டதே! வுல்ஃப் 359 என்ற இடத்தில் நடந்த போரில், போர்க்கைத் தடுக்கப் போன 39 கப்பல்கள் அழிந்தன. (வுல்ஃப் 359 சிம்ம ராசி மண்டலத்தில், சுமார் 8 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள நிஜமான விண்மீன்.) கடைசியில் போர்க் கூட்டத்தைத் தூங்கச் சொல்லி உத்தரவை உள்ளே புகுத்தி வெல்கிறார்கள். முதல் பாகத்தின் பிடிக்கு இந்த விடை ஈடாகவில்லை என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சிதான். ஆனால் அடுத்த எபிசோடில் பிக்கார்டு பிரான்ஸில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேற்றில் புரண்டு அழும் காட்சி அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தது. அந்தப் போரின் சுமையை ஸ்டார் ட்ரெக் வரிசையிலேயே 1993இல் தொடங்கிய 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரும், 1996இல் வந்த 'ஃபர்ஸ்ட் கான்டாக்ட்' படமும் சுமந்தன. நெக்ஸ்ட் ஜெனரேஷனின் அடுத்த மூன்று சீசன்களும் இதே பாணியில் பாதியில் நின்றுதான் முடிந்தன. இத்தனைக்கும் இரண்டாம் சீசன், பழைய காட்சிகளை ஒட்டுப்போட்ட ஒரு எபிசோடோடு முடிந்த தொடர் இது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'தொடரும்' என்பது அறிவிப்பு மட்டும். சாதாரணமாக நிற்கும் அத்தியாயத்துக்கும் அதைத்தான் போடுகிறோம். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் குளகம் நினைவுக்கு வரலாம். பல பாட்டுகள் சேர்ந்து ஒரே வினையில் பொருள் முடிவது குளகம். ஆனால் அங்கே தொங்குவது வாக்கியம், பதைப்பு அல்ல. 'தொங்கு முடிவு' என்பது அருமையான நேர்ச்சொல். ஆனால் 'தொங்கு சட்டசபை' என்று செய்தித்தாளில் படித்துப் பழகியதால், யாருக்கும் வெற்றி இல்லாத இழுபறி என்ற பொருள் கூடவே வந்துவிடும்.

எனக்குப் பிடித்தது 'அந்தர முடிவு'. "கதையை அந்தரத்தில் விட்டுவிட்டான்" என்று ஏற்கெனவே பேசுகிறோம். புதிதாகப் பழக வேண்டியதில்லை. அதோடு ஈழத்தமிழில் அந்தரம் என்றால் பதற்றம், அவசரம். "அந்தரப்படாதே" என்பார்கள். தொங்கும் நிலையும் பார்ப்பவரின் பதைப்பும் ஒரே சொல்லில் கிடைப்பது ஆங்கிலத்திலும் இல்லாத வசதி. அந்தரம் வடசொல் ஆயிற்றே என்பவர்கள் தொங்கு முடிவையே வைத்துக்கொள்ளலாம், தவறில்லை. வினையாகச் சொல்லும்போது 'அந்தரத்தில் முடித்தார்கள்', 'அந்தரத்தில் நிறுத்தினார்கள்' என்றே எழுதலாம்: "மூன்றாம் சீசனை அந்தரத்தில் முடித்தார்கள்."