ரக்பி லீக்: பொருள், பிறப்பு, தமிழ்ப் பெயர்

ரக்பி லீக் – பெயர்ச்சொல். அணிக்கு 13 பேர் ஆடும் ரக்பி வகை. பிறந்தது 1895-ல், வட இங்கிலாந்தில். தமிழில்: பதின்மூவர் ரக்பி.

அகராதியில் போட்டால் இவ்வளவுதான் வரும். ஆனால் இந்தப் பெயரின் பின்பாதி இருக்கிறதே, அந்த ‘லீக்’, அது தமிழ் வாசகரை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம், அதாவது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் (ஆந்திரச் சித்தூர் அல்ல), டீக்கடையில் ஒருவர் “லீக்குக்கு எத்தனை சீட்டு?” என்று கேட்டால் அது முஸ்லிம் லீக். மலையாளப் பத்திரிகைத் தலைப்பில் லீக் என்று ஒற்றைச் சொல் நின்றால் அது கட்சியின் பெயர். பஸ் ஏறிக் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கினால், அதே சொல்லுக்கு ஐபிஎல் என்றோ நாக்அவுட்டுக்கு முந்தைய லீக் சுற்று என்றோதான் பொருள். ரக்பி லீக்கில் வரும் லீக் இந்த இரண்டுமே இல்லை. அது ஒரு கட்சியும் அல்ல, ஒரு போட்டித் தொடரும் அல்ல; தனி விளையாட்டின் பெயர்.

2025 ஜூனில் இந்தக் குழப்பம் கூடியது. மும்பையில் ரக்பி பிரீமியர் லீக் என்று ஒரு தொடர் நடந்து, சென்னை புல்ஸ் அணி முதல் கோப்பையை வென்றது. தமிழ்ப் பிள்ளைகள் பலர் ரக்பி என்ற சொல்லைக் கவனித்ததே அப்போதுதான். சரி, நல்லதுதான். ஆனால் அந்தத் தொடரின் பெயரில் லீக் இருந்தாலும் அங்கே ஆடியது ரக்பி லீக் இல்லை. அது, அணிக்கு 15 பேர் ஆடும் ரக்பி யூனியன் என்ற இன்னொரு ரக்பியின் குடும்பத்தைச் சேர்ந்த, ஏழு பேர் ஆடும் வகை.

முன்பாதியான ‘ரக்பி’ ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் வார்விக்ஷயரில் இருக்கிறது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆடிய பந்தாட்டம் என்பதால் ஆட்டத்துக்கும் அதே பெயர் நின்றுவிட்டது. 1086-ல் எழுதப்பட்ட நிலக் கணக்கேட்டில் அந்த ஊர் ‘ரோச்பெரி’ என்ற மாதிரி ஒரு வடிவத்தில் வருகிறது. ஹ்ரோகா என்பவனின் கோட்டை என்பது பொருள். கடைசியில் உள்ள ‘பி’, டேனியர் குடியேறிய பகுதிகளில் ஊரைக் குறிக்கும் ஈற்றின் சாயலில் பின்னால் ஒட்டிக்கொண்டது. ஊர்ப் பெயரை மொழிபெயர்ப்பது வழக்கம் இல்லை. ஆகவே ‘ரக்பி’ தமிழிலும் ரக்பியாகவே இருக்கட்டும். ‘முட்டைப் பந்தாட்டம்’ என்று யாராவது எழுதினால் எனக்கு உடன்பாடில்லை. பந்தின் வடிவத்தைச் சொல்வதால் ஆட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியப்போவதில்லை.

‘லீக்’ இலத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘லிகாரே’ என்றால் கட்டுதல். கட்டி ஒன்றாக்கப்பட்டவர்கள் லீக். தமிழில் கூட்டு, கூட்டணி, கூட்டமைப்பு எல்லாம் இந்தப் பொருளை நெருங்கும் சொற்கள். ‘யூனியன்’ என்பதும் ஒன்று என்ற வேரில் பிறந்து ஒன்றியம் என்ற பொருளைத்தான் தருகிறது. ஒற்றுமையைச் சொல்லும் இந்த இரண்டு சொற்களும் ஒரு பெரும் பிளவின் இரண்டு பக்கங்களுக்குப் பெயராகிவிட்டன.

பிளவுக்குக் காரணம் கூலி. யார்க்ஷயர், லங்காஷயர் பக்கத்து ஆட்டக்காரர்கள் சுரங்கத்திலும் நெசவாலையிலும் வேலை செய்தவர்கள். அங்கே சனிக்கிழமையும் வேலை நாள். ஆட்டத்துக்குப் போனால் கூலி போய்விடும். அந்த இழப்பைக் கழகம் ஈடுகட்ட வேண்டும் என்று வடக்கத்திக் கழகங்கள் கேட்டன. தெற்கில் வசதியானவர்கள் கையில் இருந்த ரக்பி ஒன்றியம், காசு வாங்கினால் அது விளையாட்டே இல்லை என்று 1893-ல் மறுத்துவிட்டது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹடர்ஸ்ஃபீல்டு நகரின் ஜார்ஜ் ஹோட்டலில் கூடி வடக்கத்திக் கழகங்கள் பிரிந்தன. நாளொன்றுக்கு அதிகபட்சம் 6 ஷில்லிங் கூலியிழப்பு ஈடு என்று முடிவாயிற்று. ஆங்கிலத்தில் இதற்கு உள்ள சொல்லை அப்படியே பெயர்த்து ‘உடைந்த நேரப் பணம்’ என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. கூலியிழப்பு ஈடு என்றால் எங்கள் ஊர்த் தென்னந்தோப்பில் வேலை பார்ப்பவருக்கும் உடனே புரியும். நாள் கூலிக்காரன் ஒருவனை வெறுங்கையோடு விளையாடச் சொல்வது நியாயமே இல்லை என்பதுதான் என் கருத்து. இந்த ஆட்டத்தின்மேல் எனக்குப் பிடிப்பு வந்ததற்கு முதல் காரணமும் அதுதான்.

பிரிந்து போனவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் வடக்கு ரக்பி ‘யூனியன்’. இங்கிலாந்தில் லீக் என்ற பெயர் அதிகாரபூர்வமாக வந்தது 1922-ல்தான். அதற்கு முன்பே, 1907-ல் சிட்னியில் தொடங்கிய அமைப்பு லீக் என்ற பெயரை எடுத்துக்கொண்டிருந்தது. அமைப்பின் பெயராக இருந்தது நாளடைவில் ஆட்டத்தின் பெயராகிவிட்டது. அதனால்தான் ‘ரக்பி கூட்டமைப்பு’ என்று மொழிபெயர்த்தால் சரிவராது. ரக்பி கூட்டமைப்பு இன்று ஹடர்ஸ்ஃபீல்டில் பயிற்சி செய்தது என்று ஒரு செய்தி வந்தால், வாசகர் என்ன நினைப்பார்? அதிகாரிகள் ஓடிப் பழகுவதாக நினைப்பார்.

நல்ல வழியைப் பிரெஞ்சுக்காரர்கள் காட்டியிருக்கிறார்கள். அவர்கள் இதை ஆட்டக்காரர் எண்ணிக்கையை வைத்துப் ‘பதின்மூன்று பேர் ரக்பி’ என்கிறார்கள். அங்கே 1934-ல் ஜான் காலியா தொடங்கி வைத்த இந்த ஆட்டம் வேகமாக வளர்ந்தது. 1941-ல், இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரான்ஸின் விஷி அரசு இதைத் தடைசெய்து சொத்துகளைப் பறித்துக்கொண்டது. போர் முடிந்த பிறகும் ரக்பி என்ற சொல்லைப் பயன்படுத்த அனுமதி கிடைக்கவில்லை; பல பத்தாண்டுகள் வெறும் ‘பதின்மூவர் ஆட்டம்’ என்றே சொல்ல வேண்டியிருந்தது. பெயரைப் பிடுங்கிய கையிலிருந்து எண் ஒன்று மட்டும் தப்பியிருக்கிறது.

எண்ணை வைத்து ஆட்டத்துக்குப் பெயரிடுவது எங்கள் பக்கத்தில் புதிதும் இல்லை. மழை ஓய்ந்து, அறுத்த வயல் காய்ந்ததும், கமுகுத் தடியில் கேலரி கட்டி, விளக்குப் போட்டு ஆடும் கால்பந்துக்குச் ‘செவன்ஸ்’ என்றுதான் பெயர். ஏழு பேர் ஆடுவதால் செவன்ஸ். அதற்கு விளக்கம் யாரும் கேட்டதில்லை. தமிழிலும் அறுபத்து மூவர், பன்னிருவர், பதினொருவர் என்று ஆட்களை எண்ணால் சுட்டும் பழக்கம் நன்றாக ஊறியிருக்கிறது. ஆகவே லீக் பதின்மூவர் ரக்பி, யூனியன் பதினைவர் ரக்பி, மும்பையில் நடந்தது எழுவர் ரக்பி. குழப்பம் தீர்ந்தது.

எண்ணிக்கை 15-லிருந்து 13 ஆனது 1906-ல். அதே ஆண்டு இந்த ஆட்டத்துக்கே உரிய இன்னொரு விதியும் வந்தது. பந்தோடு ஓடுகிறவரை எதிரணி மடக்கிக் கீழே சாய்க்கிறது. சாய்ந்தவரை விட்டுவிட்டு எதிரணி பின்வாங்க வேண்டும். அவர் எழுந்து, எதிரணியைப் பார்த்து நின்று, பந்தைக் காலடியில் தரையில் வைத்து, பாதத்தால் பின்னோக்கி உருட்டி விடுகிறார். பின்னால் குனிந்து நிற்கும் தோழர் அதை அள்ளி அடுத்தவருக்கு வீசுகிறார். சாய்ந்து, எழுந்து, உருட்டி, மறுபடி மோதி, இப்படி ஆறு முறை. ஆறாவது முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்கு. அதனால் ஐந்தாவதுக்குப் பிறகு பெரும்பாலும் பந்தை உதைத்து அனுப்பிவிடுவார்கள். முதலில் இந்த வரம்பு நான்காகத்தான் வந்தது, 1960-களில், பிறகு ஆறானது. மடக்குவதற்குத் தமிழ்ச் சொல் தேட வேண்டிய அவசியமே இல்லை. கபடிக் களத்தில் ‘பிடி’ தயாராக இருக்கிறது. முதல் பிடி, ஐந்தாம் பிடி, ஆறாம் பிடி. பதினைவர் ரக்பியில் சாய்ந்தவரைச் சுற்றிக் குவிந்து பந்துக்கு மல்லுக்கட்டுவார்கள். இங்கே அந்தக் குவியல் இல்லாததால் ஓட்டம் தெளிவாகத் தெரியும்.

எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் ‘ட்ரை’, 4 புள்ளி. பழைய விதிப்படி ஊன்றியதற்குப் புள்ளி கிடையாது. எல்லைக்கோட்டில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே, குறுக்குக் கம்பத்துக்கு மேல் உதைத்துப் பார்க்க ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும். அதனால் அந்தப் பெயர். ‘முயற்சி’ என்று எழுதுவதைவிட ‘ஊன்றல்’ மேல். அதன் பின் கம்பத்துக்கு மேல் உதைத்தால் 2, ஆட்டத்தின் நடுவே பந்தைத் துள்ளவிட்டு அப்படி உதைத்து அடித்தால் பொதுவாக 1.

அப்புறம் ‘சீசன்’. எங்கள் பக்கம் சீசன் என்றால் சபரிமலை. தென்காசிப் பக்கம் போனால் குற்றாலம். ஆங்கிலச் சொல்லின் வேரில் இருப்பது விதைத்தல். தமிழில் பருவம் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். 1996 முதல் இங்கிலாந்தின் சூப்பர் லீக் குளிர்காலத்தை விட்டுக் கோடைக்கு மாறியது. அதனால் இங்கிலாந்தின் கோடையும் ஆஸ்திரேலியாவின் குளிர்காலமும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் பதின்மூவர் ரக்பிக்குப் பருவமாகிவிட்டன. இரண்டும் அக்டோபரில் முடியும்.

2025 பருவம் அருமையான பருவம். ஆஸ்திரேலியாவின் தேசிய ரக்பி லீக்கில் பென்ரித் பாந்தர்ஸ் 2021 முதல் தொடர்ந்து நான்கு முறை பட்டம் வென்று வைத்திருந்த வரிசை அரையிறுதிச் சுற்றில், பிரிஸ்பேன் பிராங்கோஸ் கையில், 16–14 என்ற கணக்கில் அறுந்தது. அதற்கு முன் அதே பிரிஸ்பேன், பட்டியலில் முதலிடம் பிடித்திருந்த கான்பராவைக் கூடுதல் நேரத்தில் ஒற்றைப் புள்ளியில், 29–28 என்று வென்றிருந்தது. சிட்னியில் அக்டோபர் 5 இறுதியாட்டத்தில் இடைவேளைக்கு 12–22 என்று பின்தங்கி, கடைசியில் மெல்பர்னை 26–22 என்று தோற்கடித்தது. 2006-க்குப் பிறகு அவர்களுக்கு இதுதான் முதல் பட்டம். அதே நாளில் அதே ஊரின் பெண்கள் அணியும் பட்டம் வென்றது. இங்கிலாந்தில் ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ் நாற்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு சேலஞ்ச் கோப்பை (தனியாக நடக்கும் நாக்அவுட் தொடர்), பட்டியல் முதலிடம், இறுதிப் பட்டம் என்று மூன்றையும் ஒரே பருவத்தில் அள்ளியது. எனக்கு மனம் நிறைந்தது இதில்தான். துறைமுகத் தொழிலாளர் ஊரின் அணி அது.

பருவத்தின் முடிவில் ஆஷஸ் தொடர். கிரிக்கெட் இல்லை, பதின்மூவர் ரக்பிக்கும் அதே பெயரில் ஒரு தொடர் உண்டு. 2003-க்குப் பிறகு முதல் முறையாக நடந்து, ஆஸ்திரேலியா இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே 3–0 என்று வென்றது. செய்தி எழுதுபவர்கள் ‘ரக்பி ஆஷஸ்’ என்று தெளிவாகப் போட்டால் நல்லது.

இந்த ஆட்டம் உலகத்தில் பரவுகிறதா? பெரிய நகரங்களில் கடை விரிக்கும் முயற்சிகளை நான் பெரிதாக நம்பவில்லை. கனடாவின் டொரான்டோ அணி சூப்பர் லீக்குக்கு ஏறிய 2020-லேயே விலகிவிட்டது. 2025 உலகக் கோப்பையை நடத்த இருந்த பிரான்ஸ் கைவிரித்துவிட்டது. 2024 முதல் ஆஸ்திரேலியப் பருவம் லாஸ் வேகஸில் தொடங்குகிறது. பார்க்கக் கூட்டம் வருகிறது, ஆனால் ஆடுகிறவர்கள் அங்கே முளைத்தார்களா என்பதுதான் கேள்வி. உண்மையான வளர்ச்சி பசிபிக் தீவுகளில் இருக்கிறது.

அதற்குரிய சொல் ‘பூர்வீகம்’. பெற்றோர், தாத்தா பாட்டி ஊரை வைத்து ஒரு நாட்டுக்கு ஆடலாம் என்பது விதி. நியூசிலாந்துக்கு ஆடிக்கொண்டிருந்த ஜேசன் டௌமலோலோ 2017 உலகக் கோப்பைக்கு டோங்காவைத் தேர்ந்தெடுத்தார். அந்தத் தொடரில் டோங்கா நியூசிலாந்தை 28–22 என்று வென்றது. 2019-ல் ஆஸ்திரேலியாவையே 16–12 என்று சாய்த்தது. 2022-ல் சமோவா இங்கிலாந்தை 27–26 என்று வென்று உலகக் கோப்பை இறுதிக்குப் போனது. ரேஷன் அட்டை மலையாளத்திலும் வீட்டுப் பேச்சு தமிழிலும் உள்ள எங்களுக்கு, பிறந்த ஊர் ஒன்று பூர்வீகம் ஒன்று என்பதை யாரும் சொல்லித் தர வேண்டாம். ஆக்லாந்தில் வளர்ந்த பையன் டோங்காவின் சிவப்புச் சட்டையை எதற்காகப் போடுகிறான் என்று எனக்கு நன்றாகவே விளங்குகிறது.

எண்ணூறுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசும் பப்புவா நியூ கினியில் இதுதான் தேசிய விளையாட்டு. 2028 முதல் அந்த நாட்டு அணி ஒன்று ஆஸ்திரேலியத் தொடரில் ஆடப்போகிறது. பத்தாண்டுக்கு 60 கோடி ஆஸ்திரேலிய டாலரை ஆஸ்திரேலிய அரசு கொடுக்கிறது. பசிபிக்கில் சீனாவுக்குப் போட்டியான அரசியல் கணக்கும் அதில் உண்டு. இருந்தாலும் பணம் ஆட்டம் உயிரோடு இருக்கும் இடத்துக்குப் போகிறது. அடுத்த உலகக் கோப்பை 2026 அக்டோபர், நவம்பரில் ஆஸ்திரேலியாவில். சில ஆட்டங்கள் பப்புவா நியூ கினியில்.

அந்த நேரத்தில் செய்தி எழுதுபவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். உலகக் கோப்பையில் ஆண்கள், பெண்கள் பிரிவுகளோடு சக்கர நாற்காலிப் பிரிவும் உண்டு. அதில் ஆண், பெண், உடல் குறை உள்ளவர், இல்லாதவர் எல்லாரும் சேர்ந்தே ஆடலாம். 2022-ல் இங்கிலாந்து பிரான்ஸை 28–24 என்று வென்ற இறுதியாட்டம் கடைசி நிமிடம் வரை இழுத்தது. அதில் அணிக்குப் பதின்மூன்று பேர் இல்லை, ஐந்து பேர். ஆகவே அதற்குச் ‘சக்கர நாற்காலி ஐவர் ரக்பி’. பாராலிம்பிக்கில் வரும் சக்கர நாற்காலி ரக்பி வேறு ஆட்டம், அது நால்வர்.