மைப்படி எடுக்க முடியாத கல்

"கல்வெட்டு என்றால் ஈரத்தாளை ஒட்டி, பிரஷால் தட்டி, மை ஒற்றி எடுத்தால் ஆயிற்று. ஆர்மீனியக் கற்களை மட்டும் ஏன் இருட்டில் ஃபிளாஷ் அடித்துப் படம் எடுக்கிறார்கள்?" ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

காரணம் கல்தான். ஆர்மீனிய மொழியில் 'கச்' சிலுவை, 'கார்' கல். கச்கார் என்பது ஆள் உயரக் கல்லில் சிலுவை, அதைச் சுற்றிச் சரிகை போன்ற பின்னல், ஓரத்தில் எழுத்து. பல கச்கார்கள் எரிமலைச் சாம்பல் இறுகிய டஃப் கல்லில் செதுக்கியவை. நனைத்துத் தட்டினால் துகள் உதிரும். பின்னலின் ஆழத்துக்குள் தாள் இறங்காமல் கிழியும்.

எழுத்தில் ஒரு கோடு போனாலும் நட்டம் பெரிது. ஆண்டையும் எழுத்துகளாலேயே எழுதினார்கள். கிடைக்கும் எண்ணோடு 551ஐக் கூட்டினால் நம் ஆண்டு வரும்: 740 என்றால் 1291. இதில் 200க்கான எழுத்தும் 400க்கான எழுத்தும் ஒன்றுபோலத் தெரியும். தேய்ந்த கல்லில் மாற்றிப் படித்தால் இருநூறு வருடம் தப்பு.

இதற்குக் கைகொடுப்பது ஆர்டிஐ (Reflectance Transformation Imaging). தகவல் உரிமைச் சட்டம் அல்ல. 2001இல் எச்பி ஆய்வகத்தின் டாம் மால்ஸ்பெண்டர் வெளியிட்ட முறையிலிருந்து வளர்ந்த படமெடுப்பு. கேமரா ஸ்டாண்டில் அசையாமல் கல்லை நேராகப் பார்க்கும். ஃபிளாஷ் மட்டும் இடம் மாறும்: 15, 30, 45, 60 டிகிரி உயரங்களில், ஒவ்வொன்றிலும் 12 திசை, மொத்தம் 48 படம். கல்லின் ஒரு மீட்டர் பகுதிக்கு மூன்று மீட்டர் நூல் கட்டி, ஃபிளாஷின் தூரத்தைச் சமமாக வைப்பார்கள். க்ளிக் செய்யுமுன் நூலை விலக்க மறந்தால் அதன் நிழலும் படத்தில் விழும்.

ஒவ்வொரு முறையும் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்பதைக் குறித்துவைக்க யாரும் தேவையில்லை. கல்லருகே பளபளக்கும் இரண்டு கறுப்பு உருண்டைகளை வைத்தால் போதும். ஃபிளாஷ் அடித்ததும் உருண்டையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரியும். அது நடுவிலிருந்து ஆரத்தில் பாதித் தொலைவில் இருந்தால், அந்த இடத்தில் உருண்டையின் சாய்வு 30 டிகிரி. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் சமம். ஆகவே விளக்கு கேமரா அச்சிலிருந்து அதன் இரு மடங்கு, 60 டிகிரி விலகி நின்றிருக்கிறது. பத்தாம் வகுப்புக் கணக்கு, கோலிக்குண்டு அளவுக் கருவி! படத்தில் உருண்டையின் விட்டம் சுமார் 250 பிக்சலாவது வேண்டும்; குறைந்தால் புள்ளியின் இடம் தடுமாறும்.

திசை தெரிந்தபின் மிச்சம் எளிது. சொரசொரப்பான பரப்பு, வெளிச்சத்தை நேருக்கு நேர் பார்க்கும்போது பளிச்சென்றிருக்கும். சாயச் சாய, கோணத்தின் கொசைன் அளவில் மங்கும். 48 பிரகாச மதிப்புகளிலிருந்து ஒவ்வொரு பிக்சலும் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கணினி கண்டுபிடிக்கும். பிறகு கல்லின் நிறத்தையே நீக்கிவிட்டு, சாய்வை மட்டும் வைத்து எந்தப் பக்கத்திலிருந்தும் திரையில் விளக்குப் பிடிக்கலாம். ஆரஞ்சுக் கறைக்குள் ஒளிந்திருந்த கோடு எழும்பி வரும்.

கெடுப்பவை: காற்றில் ஸ்டாண்ட் ஒரு பிக்சல் நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகும். ஆட்டோ ஃபோகஸ், ஆட்டோ நிறச் சமநிலை இரண்டையும் அணைக்க வேண்டும். பகல் வெளிச்சம் கலந்தால் கொசைன் கணக்கு பொய்யாகும். இருட்டுக்குக் காத்திருப்பது அதனால்தான். பக்தர்கள் ஏற்றும் மெழுகுவர்த்தி வழிந்த இடம் கண்ணாடிபோல் மின்னும். அங்கும் கணக்கு தவறும். பாசியைச் சுரண்டவோ எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்கவோ கூடாது. சாக்பீஸ் பதிவது கல்லில் இருப்பதை அல்ல, தேய்த்தவர் படித்ததை.

அஜர்பைஜானின் நக்சிவான் பகுதியில், ஜுல்ஃபா என்ற ஊரின் ஆர்மீனிய இடுகாட்டில் ஆயிரக்கணக்கான கச்கார்கள் நின்றன. 1998இல் தொடங்கிய இடிப்பு 2005 டிசம்பரில் முடிந்தது. 2003, 2009 செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டால் அழிவு தெரிகிறது, எழுத்து தெரியாது. அதைப் பழைய புகைப்படங்களில்தான் தேட வேண்டும், அவற்றிலோ ஒரு கல்லுக்கு ஒரே வெளிச்சம். ட்ரோனுக்கும் முப்பரிமாணக் காட்சிக்கும் சுலபமாகக் கிடைக்கும் நிதியில் ஒரு துண்டு இந்த உருண்டைக்கும் வரவேண்டும் என்பது என் கட்சி.

அந்த ஜுல்ஃபா மக்களை 1604-05இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் தன் தலைநகர் இஸ்ஃபஹானுக்குப் பெயர்த்துக் குடியேற்றிய ஊர் புது ஜுல்ஃபா. அங்கிருந்து வணிகர்கள் மதராஸுக்கும் வந்தார்கள். ஆர்மீனியன் தெருவின் தேவாலய வளாகத்தில் ஆர்மீனிய எழுத்துள்ள கல்லறைக் கற்கள் தரையோடு பதிந்திருக்கின்றன. அவற்றுக்குக் கேமராவைக் கீழ்நோக்கித் தொங்கவிட வேண்டும். ஸ்டாண்டின் கால் நிழல் எழுத்தில் விழாதபடி 15 டிகிரி வரிசையை எடுப்பதுதான் அங்கே கஷ்டமான வேலை.