தோட்டத்துத் தொட்டியில் டீசல் இறக்கும்போது

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற செம்பனைத் தோட்டப் பட்டணங்களில் டிராக்டருக்கும் ஜெனரேட்டருக்கும் வேண்டிய டீசல் டேங்கர் லோரியில் வந்து இறங்குகிறது. 1961ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி டீசலும் பெட்ரோலும் கட்டுப்பாட்டுப் பொருள்கள். அந்தச் சட்டத்தை மீறும் தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆகவே சேமிப்புத் தொட்டிக்கான பெர்மிட் காலாவதியாகாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓட்டுநரிடம் கனரக வாகன லைசென்சுடன் ஜிடிஎல் எனும் சரக்கு வாகன ஓட்டுநர் உரிமமும் இருக்க வேண்டும். லோரியின் அபாயப் பலகையில் 1202 என்றால் டீசல், 1203 என்றால் பெட்ரோல்.

லோரி வருவதற்கு முன்பே தொட்டியில் அளவுகோல் விட்டுப் பார்த்துவிட வேண்டும். 9,000 லிட்டர் தொட்டியை 95 விழுக்காடு, அதாவது 8,550 லிட்டர் வரை நிரப்பலாம் என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 4,200 லிட்டர் கிடந்தால் 4,350 லிட்டருக்குத்தான் இடம். ஆர்டர் 5,000 என்றால் மிச்சம் லோரியோடு திரும்பட்டும். "எப்படியும் பிடிக்கும்" என்று ஊற்றினால் வழிந்து கால்வாயில்தான் போய்ச் சேரும். காற்றுப் போக்கிக் குழாயையும் பாருங்கள். அதில் குளவி கூடு கட்டியிருந்தால் காற்று வெளியேற வழியில்லாமல் தொட்டிக்குள் அழுத்தம் ஏறும்.

லோரியைச் சமதளத்தில், வெளியேறும் பக்கம் பார்த்து நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். பம்ப் ஓட எஞ்சின் தேவைப்பட்டால் மட்டும், இணைப்பெல்லாம் முடிந்த பிறகு இயக்கலாம். இறக்குக் குழாயை மாட்டும் முன் லோரியில் சேரும் நிலைமின்சாரத்தை வெளியேற்றும் நிலைமின் கம்பியைத் தொட்டியோடு இணைக்க வேண்டும். கவ்வி பெயிண்டையோ துருவையோ கவ்வினால் மின்னோட்டம் கடக்காது. சுரண்டி, பளிச்சென்ற இரும்பில் மாட்டுங்கள். இந்தக் கம்பி முதலில் ஏறி, கடைசியில் இறங்க வேண்டும். டீசல் எளிதில் பற்றாது என்பது அரை உண்மைதான். முந்தைய நடையில் பெட்ரோல் ஏற்றிய டேங்கர் அறையில் டீசல் ஊற்றினால், அங்கே மிஞ்சிய பெட்ரோல் ஆவியை நிலைமின் பொறி பற்ற வைத்துவிடலாம். அந்த அறையில் முன்பு என்ன இருந்தது என்று ஓட்டுநரிடம் கேட்பதில் தவறே இல்லை.

இடி மின்னல் வந்தால் வேலையை நிறுத்தி வால்வை மூடுங்கள். இறக்கும் நேரம் முழுக்க ஒருவர் வால்வை விட்டு நகரவே கூடாது. தீயணைப்புக் கருவியும் மணல் வாளியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சிந்தினால் தண்ணீர் அடித்துக் கழுவாதீர்கள், மணல் போட்டு உறிஞ்சி அள்ளுங்கள். கசிவு பெரிதானால் வால்வை மூடி, ஆட்களைக் காற்று வரும் திசைக்கு விலக்கி, 999க்கு அழையுங்கள்.