‘வன்மையாக வலியுறுத்துகிறது’ என்றால் யார் செய்வது?

மாணவர் செவிலியர் சங்க மாநாட்டுக்கான அந்தத் தீர்மான வரைவு, முதலில் என் கைக்கு வந்தபோது மூன்று பக்கம் இருந்தது. இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்திக்கு நைட் டியூட்டியில் ஊசி குத்திவிட்டது. நோயாளிக்கு ரத்தம் எடுத்த ஊசி. குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு, விடியும்வரை யாரிடமும் மூச்சு விடவில்லை. “சொன்னா இன்டர்னல் மார்க்குல கை வைப்பாங்கன்னு பயந்துட்டேன் மேடம்” என்றாள். அந்தக் கோபத்தில் அவளுடைய தோழிகள் நான்கு பேர் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து எழுதியது. கடைசி வரி இது: “மாணவர் பாதுகாப்பை உறுதி செய்ய வேண்டும் என இம்மாநாடு வன்மையாக வலியுறுத்துகிறது.”

“யாரை வலியுறுத்துது?” என்று கேட்டேன். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாணவர் செவிலியர் சங்கத்துக்கு ஆலோசகராகப் பல வருடங்கள் இருந்துவிட்டேன். மாநாட்டில் கைதட்டலோடு நிறைவேறி, மறுநாளே யாருக்கும் நினைவில்லாமல் போன தீர்மானங்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லாமல் செத்தவை.

தீர்மானம் என்பது கோரிக்கை மனு மாதிரி தெரியும், ஆனால் வேறு. ஒரு விஷயத்தில் இந்தச் சங்கத்தின் நிலைப்பாடு இது, அதற்காகச் சங்கம் இன்னது செய்யும் என்று உறுப்பினர்களின் பேராளர்கள் கூடி எடுக்கும் முடிவு அது. நிறைவேறிய பிறகு செயற்குழுவைக் கட்டுப்படுத்தும். மருத்துவமனையைக் கட்டுப்படுத்தாது, கல்லூரி முதல்வரைக் கட்டுப்படுத்தாது, அரசைக் கட்டுப்படுத்தவே கட்டுப்படுத்தாது. இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். “அப்போ எதுக்கு மேடம் எழுதணும்?” என்பார்கள். அதற்கு நான் சொல்லும் உதாரணம் இது. அமெரிக்காவின் தேசிய மாணவச் செவிலியர் சங்கம் 1952-ல் தொடங்கியது. அதன் பேராளர் அவை 1975-ல் மாணவர்களின் உரிமைகள், பொறுப்புகள் பற்றிய சாசனம் ஒன்றை ஏற்றது. சட்டமல்ல, வெறும் சங்கத்தின் காகிதம். ஆனால் 1991-ல் அதே அவை அதை மறுபடி எடுத்துத் திருத்தியது. 2001-ல் படிப்புக்கும் வார்டு பயிற்சிக்குமான நடத்தை நெறி ஒன்றையும் சேர்த்துக்கொண்டது. மறுபடி மறுபடி எடுத்துப் பார்க்க ஆள் இருந்ததால் அந்தக் காகிதம் நிலைத்தது.

சரி, வரைவுக்கு வருவோம். வழக்கமான வடிவத்தில் இரண்டு பகுதி உண்டு. முதலில் காரணங்கள், பிறகு முடிவுகள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு காரணத்துக்கும் முன்னால் ஒரு சொல்லைப் போட்டு அடுக்கிக்கொண்டே போவார்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால், அதே மாதிரி எழுதப் போனால் ‘என்பதாலும், என்பதாலும்’ என்று முழுத் தீர்மானமும் ஒரே வாக்கியமாக நீண்டு, வாசிக்கிறவருக்கே மூச்சு வாங்கும். நான் காரணங்களைத் தனித்தனி வாக்கியமாக முடிக்கச் சொல்வேன். பிறகு ‘ஆகவே’ என்று ஒரே ஒரு சொல். சட்ட மொழி இல்லையே என்று யாரும் குறை சொன்னதில்லை.

காரணப் பகுதியில் பிள்ளைகள் உணர்ச்சியைக் கொட்டியிருந்தார்கள். ‘தன்னலமற்ற சேவை’ நான்கு இடத்தில் வந்தது. அதையெல்லாம் அடித்துவிட்டுப் பாடப்புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். எச்.ஐ.வி. உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி என்றால் அது 30 சதவீதம் வரைகூடப் போகலாம். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் சில மணி நேரத்துக்குள், போனால் போகிறதென்றால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இந்த மூன்று வரியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, ‘மார்க் குறையும் என்ற பயத்தால் மாணவர்கள் உடனே சொல்வதில்லை’ என்ற நான்காவது வரியை எழுதினார்கள். அதற்குமேல் அழ வேண்டிய தேவை இருக்கவில்லை. விடியும்வரை காத்திருந்த அந்தப் பெண்ணின் எட்டு மணி நேரம் அந்த நான்கு வரிக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. (பெயர் போட வேண்டாம் என்றேன். அவளுக்கும் வேண்டாம், வார்டுக்கும் வேண்டாம். தீர்மானம் புகார்க் கடிதமாகிவிட்டால் விவாதம் முழுக்க அந்த ஒருத்தியைச் சுற்றியே ஓடும்.)

முடிவுப் பகுதியை எழுதத்தான் இரண்டு மாலை பிடித்தது. ‘வலியுறுத்துகிறது’, ‘கண்டிக்கிறது’, ‘கேட்டுக்கொள்கிறது’ எல்லாவற்றையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, இதைச் செய்யப்போவது யார், எப்போது என்று ஓரத்தில் எழுதச் சொன்னேன். கடைசியில் மூன்று தேறின. ஊசிக்குத்தை மாணவர் தெரிவித்தால் அது மதிப்பெண்ணிலோ வருகைப் பதிவிலோ சேராது என்று எழுத்தில் தரும்படி, சங்கம் எல்லாப் பயிற்சி மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் கடிதம் அனுப்பும். ‘உடனடியாகத் தெரிவிக்கவும்’ என்று சொல்லி, இரவில் யாரிடம் சொல்வது என்பதையும் காட்டும் ஒரு பக்க வழிகாட்டியைச் சங்கம் தயாரித்து ஒவ்வொரு கிளைக்கும் தரும். வந்த பதில்களைச் செயலாளர் அடுத்த மாநாட்டில் வாசிப்பார். மூன்றாவது வரியை ‘சும்மா சேர்த்தோம்’ என்றுதான் சொன்னார்கள். எனக்கென்னவோ அதுதான் முக்கியமாகப் பட்டது.

பிறகு தீர்மானக் குழு. கடைசித் தேதிக்குள் வந்ததா, ஆதாரம் புதியதா, போன வருடமே இதை நிறைவேற்றியிருக்கிறோமா, சங்க விதிகளோடு இடிக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. ஒரே விஷயத்தில் இரண்டு கிளைகள் எழுதியிருந்தால் உட்காரவைத்து ஒன்றாக்குவதும் அவர்கள்தான். பல சங்கங்களில் வாக்கெடுப்புக்கு முன்பு ஒரு கேட்பு அமர்வு நடக்கும். யார் வேண்டுமானாலும் எழுதியவர்களைக் கேள்வி கேட்கலாம். அதைத் தவற விடாதீர்கள். மேடையில் தோற்கிற தீர்மானங்களைக் காப்பாற்ற முடிகிற இடம் அந்த அமர்வுதான்.

அவைக்குள் நுழைந்ததும் பிள்ளைகளுக்கு வருகிற குழப்பம் நடைமுறை பற்றியது. ஹென்றி ராபர்ட் என்ற அமெரிக்க ராணுவப் பொறியாளர் 1876-ல் வெளியிட்ட கூட்ட விதிகளைத்தான் பல சங்கங்கள் இன்றும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றுகின்றன. ஒருவர் முன்மொழிய, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிவது ஆதரவு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை, இது பேசத் தகுந்த விஷயம் என்று ஒப்புக்கொள்வது, அவ்வளவுதான். வழிமொழிந்துவிட்டு எதிர்த்து வாக்களிக்கலாம். யாராவது திருத்தம் கொண்டுவந்தால், திருத்தத்துக்கு முதலில் வாக்கு. பிறகு திருத்தப்பட்ட வடிவத்துக்கு வாக்கு. விவாதத்தை நிறுத்தி வாக்கெடுப்புக்குப் போக மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், தீர்மானம் நிறைவேறப் பாதிக்கு மேல் போதும். பேச விரும்புகிறவரின் வாயை அடைப்பதென்றால் சும்மா முடியாது, கூடுதல் ஆதரவு வேண்டும் என்கிறது அந்த விதி. எனக்குப் பிடித்த விதி அது.

எங்கள் தீர்மானம் வந்தபோது மதியச் சாப்பாடு முடிந்து பாதிப் பேர் கண் சொருகிக்கொண்டிருந்தார்கள். கோரம், அதாவது வாக்கெடுக்கத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள், இருக்கிறதா என்று தலைவர் எண்ணினார், இருந்தது. மைக்கில் ஒரு பையன் எழுந்தான். “வழிகாட்டியில ‘உடனடியாகத் தெரிவிக்கவும்’னு இருக்கும்னு எழுதியிருக்கீங்க. நைட்ல ஒரு வார்டுக்கு ஒரே ஒரு சிஸ்டர் இருக்கும்போது உடனடின்னா எப்போ?” எங்கள் பிள்ளைகளுக்கு முகம் சிவந்தது. எதிர்ப்பு என்று நினைத்துவிட்டார்கள். அவன் தொடர்ந்தான்: “‘கழுவியதும், அதிகபட்சம் 2 மணி நேரத்துக்குள்’னு மாத்தலாம். அந்த நேரத்துக்குள்ள வார்டுல யாரும் இல்லைன்னா அடுத்து யாருக்குப் போன் பண்ணணும்ங்கிறதும் வேணும்.”

திருத்தம் நிறைவேறியது. எழுதிய நால்வரில் ஒருத்தி அதற்கு எதிராகக் கை தூக்கினாள். தன் வாக்கியத்தைத் தொட்டுவிட்டார்கள் என்ற வருத்தம். அப்புறம் திருத்தத்தோடு சேர்ந்த முழுத் தீர்மானத்துக்கு ஆதரவாகத் தூக்கினாள்.

அவசரத் தீர்மானம் என்றொரு வழியும் உண்டு. கடைசித் தேதிக்குப் பிறகு நடந்த விஷயத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். சோம்பலுக்கு அல்ல.

அடுத்த வருட மாநாட்டில் செயலாளர் எழுந்து பதில்களை வாசித்தார். பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே இல்லை. சில இடங்களிலிருந்து ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ என்று மட்டும். பதில் வராத இடங்களின் பட்டியலை அவர் குரலை ஏற்றாமல், இறக்காமல் ஒவ்வொன்றாக வாசித்தார். கூடத்தில் அந்தந்த இடத்து மாணவர்கள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மருத்துவமனை மட்டும் ஊசிக்குத்து மதிப்பெண்ணைப் பாதிக்காது என்று கையெழுத்திட்டு அனுப்பியிருந்தது. கூடவே ஒரு போட்டோ: பயன்படுத்திய ஊசிகளைப் போடும் ஷார்ப்ஸ் பாக்ஸுக்கு மேலே, கண் மட்டத்தில், அந்த ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. இரவு அழைக்க வேண்டிய எண்ணை யாரோ பேனாவால் தடிமனாக எழுதியிருந்தார்கள்.