சப்போனைட்: சவுக்காரக்களி

பினாங்கில் ஆயர் ஈத்தாம் ஆற்றோரம் டோபி காட் என்று ஓர் இடம் உண்டு. நம்மவர்கள் அதை வண்ணாந்துறை என்றே சொல்லிப் பழகியவர்கள். சப்போனைட் என்ற கனிமத்துக்குத் தமிழ்ப் பெயர் தேடும்போதெல்லாம் எனக்கு அந்தத் துறைதான் நினைவுக்கு வருகிறது. ஏனென்றால் அந்தப் பெயருக்குள் இருப்பது சவுக்காரம்.

லத்தீனில் 'சாப்போ' என்றால் சவுக்காரம். அதே சொல் அரபு வழியாக வந்து மலாயில் 'சபுன்' ஆனது. நாம் சொல்லும் சோப்பும் ஆங்கிலம் வழியாக வந்த அதன் உறவுக்காரச் சொல்தான். சுவீடன் வேதியியலாளர் ஸ்வான்பெர்க் 1840இல் இந்தக் கனிமத்துக்குச் சப்போனைட் என்று பெயர் வைத்தார். பாறையிலிருந்து எடுத்த ஈரத்தோடு தொட்டால் ஊறிய சவுக்காரக் கட்டி போல விரலில் வழுக்கும்.

அடிப்படையில் இது ஒரு களிமண் கனிமம். ஆனால் பினாங்கில் உள்ள நம் கொடிமலையில் இது உருவாகாது. கொடிமலை கிரானைட். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் மழையில் மக்கினால் கிடைப்பது கயோலின், அதாவது அலுமினியமும் சிலிக்காவும் சேர்ந்த வெண்களி. சப்போனைட்டில் அலுமினியத்துக்கு உரிய முக்கிய இடத்தை மக்னீசியம் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவு மக்னீசியம், பூமியின் மேலோட்டுக்குக் கீழே, கவசத்திலிருந்து வந்த பாறையில் தாராளமாகக் கிடைக்கும். சிலிக்கா 45 விழுக்காட்டுக்கும் குறைவாக உள்ள அந்தப் பாறைகளைத் தமிழில் மீகாரப் பாறைகள் என்கிறோம். மலேசியாவில் அவற்றைப் பார்க்க, பெந்தோங்–ரவூப் வழியாக ஓடும் பழைய நிலப்பிணைப்புக் கோட்டுக்கோ சபாவின் ரானாவுக்கோ போக வேண்டும். கினபாலு உச்சி கிரானைட்தான். ஆனால் மலையைச் சுற்றிப் பல இடங்களில் மீகாரப் பாறை இருக்கிறது. பெரிய குடுவை விடும் ராஜா குடுவைச்செடி அந்த மண்ணில்தான் வளர்கிறது.

சரி, களி எப்படிப் பிறக்கிறது? மீகாரப் பாறையின் முக்கியக் கனிமம் ஆலிவின். கடும் சூட்டில், நீர் அதிகம் இல்லாத ஆழத்தில் உருவானது அது. மேலே வந்து விரிசல் வழியே தண்ணீர் இறங்கினால் தாக்குப்பிடிக்காது. நீரை உள்வாங்கிச் சர்ப்பென்டைன் என்ற வேறொரு கனிமமாக மாறும். அப்போது பாறை உப்பும், வெப்பம் வெளியாகும், ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கும். (சர்ப்பென்டைனைப் பாம்புக்கல் என்று மொழிபெயர்க்க வேண்டாம். விஷம் உறிஞ்சும் என்று நம்பி வைத்திருந்த கல்லுக்கு அந்தப் பெயர் ஏற்கெனவே போய்விட்டது. சர்ப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. லத்தீன் 'செர்பென்ஸ்', வடமொழி 'சர்ப்ப' இரண்டும் ஒரே வேர்.)

இப்படி ஊறிய நீர் நல்ல காரமாகிவிடும். அதன் பி.எச். அளவு சில ஊற்றுகளில் 11ஐயும் தாண்டும். அப்புறம், பாறையிலிருந்து கரைந்த மக்னீசியமும் சிலிக்காவும், பைராக்சீன் போன்ற கனிமங்கள் விட்டுக்கொடுக்கும் சிறிது அலுமினியமும் விரிசல்களில் சேர்ந்து ஏடு ஏடாகப் படியும். ஒவ்வோர் ஏட்டிலும் நடுவே மக்னீசியத் தகடு, இரு பக்கமும் சிலிக்காத் தகடு. சிலிக்கான் அணுக்கள் சிலவற்றின் இடத்தில் அலுமினியம் அமர்ந்தால் ஏட்டுக்கு எதிர்மின்னூட்டம் வந்துவிடும். அதை ஈடுகட்டக் கால்சியமும் சோடியமும் ஏடுகளுக்கிடையே புகும், கூடவே தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். களி உப்புவது இதனால்தான்.

மேற்பரப்பில் வெயிலிலும் மழையிலும் பாறை மக்கும்போதும் மக்னீசியக் களி உருவாகும். ஆனால் நம் ஊர் மழை மக்னீசியத்தை அரித்துக்கொண்டு போய்விடும், மிஞ்சுவது இரும்பேறிய செம்மண். செம்மண்ணுக்கு அடியில், பாறையை ஒட்டி, நீர் வடியாமல் தேங்கும் இடத்தில்தான் இந்தக் களி தங்கும்.

இனி பெயர். 'சவுக்காரக்கல்' என்று எழுதினால் குழப்பம் வரும். தொட்டால் வழவழக்கும் இன்னொரு கல்லுக்கும் ஆங்கிலத்தில் சோப்புப் பெயர்தான். நம் பாட்டிமார் புளிக்குழம்பு வைத்த கல்சட்டி செய்யப்பட்ட அந்தக் கல்லுக்கு மாக்கல் என்ற அருமையான சொல் தமிழில் முன்பே இருக்கிறது. மாக்கல்லில் முக்கியமானது டால்க் கனிமம். அதுவும் மக்னீசியம் நிறைந்ததே, ஆனால் ஏடுகளுக்கிடையே நீரை ஏற்காது, உப்பாது. சப்போனைட் ஊறும் களி. ஆகவே 'சவுக்காரக்களி' என்பதே பொருந்தும் என்பது என் துணிபு. மீகாரப் பாறை, கார நீர், சவுக்காரக்களி என்று வரிசையாக எழுதும்போது காரம் மூன்றிலும் ஒலிப்பது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாறைப் பெயரில் உள்ள காரம் மட்டும் நீரின் காரம் அல்ல. சிலிக்காவை அமிலமாகக் கருதிய பழைய வழக்கிலிருந்து வந்தது அது.

இந்தக் குடும்பத்தின் மற்ற களிகளையும் சேர்த்துச் சொல்ல, மக்னீசியத்துக்குத் தமிழில் வழங்கும் வெளிமம் என்ற சொல்லைக் கொண்டு 'வெளிமக் களிகள்' எனலாம். அறிவியல் கட்டுரையில் முதல் முறை 'சப்போனைட் எனும் சவுக்காரக்களி' என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து தமிழ்ப் பெயரிலேயே தொடரலாம்.